நீ எந்த ஊர்த் தலைக்கட்டு?

ஏல, இங்கன வந்து உக்காரு. கம்ப்யூட்டர்ப் பொட்டியை மூடாண்டாம், தொறந்தே கெடக்கட்டும். சோத்தை அளைஞ்சிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போறதும், ராத்திரி மொட்டை மாடியில நடக்கிறதும் நான் பாக்கலேன்னா நெனச்சே? ஒங்கம்மை, பய எவளையோ பாத்து வச்சிருக்கான்னு உள்ளுக்குள்ள சந்தோசப்படுதா. கடைசியில என்னன்னு கேட்டா, அமெரிக்காக்காரன் அனுப்பின ஒத்தத்தாள் ஃபாரமாம். காதல்னா நாலு பெரியாளை வச்சுப் பேசி முடிச்சிருக்கலாம். இதுக்கு யாரை வச்சுப் பேச?

“டபிள்யூ-8 பென் தாத்தா, ஒங்களுக்கு விளங்காது”ன்னு சொன்னியே, அதுதான் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து இந்தச் சுத்துவட்டாரத்து நிலத்துல பாதியை எழுதித் தீத்தவன் நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை, ஒத்தி. கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்குப் பெருவிரலைப் புடிச்சு மையில முக்கினவன். எனக்கா காயிதம் விளங்காது? படிச்சுச் சொல்லுன்னேன், சொன்னே. பத்துக் கட்டம். நீ யாரு, எந்த நாட்டுக்காரன், எங்க குடியிருக்கே, வரி நம்பர் என்ன, பொறந்த தேதி என்ன. கல்யாணத் தரகன் இதைவிட அதிகமாக் கேப்பான்லே.

சரி, கேளு. நம்ம அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதுதோம்லா. நோட்டைத் தூக்கிட்டு வீடு வீடாப் போறப்போ, பஜார்ல வாடகைக்கு இருக்கிற பாத்திரக்கடை அண்ணாச்சிகிட்டயும் போறோம். அவர் என்ன சொல்லுதாரு? “எனக்குத் தலைக்கட்டு எங்க ஊர்ல, அங்க குடுத்தாச்சு.” அவர் ஏமாத்துதாருன்னு யாரும் சொல்லுததில்ல. நோட்டு எழுதுறவனுக்கு மட்டும் ஒரு கவலை. நாளைக்கு ஊர்க்கூட்டத்துல ஏன் இவர் பேரை விட்டேன்னு கேட்டா என்னத்தக் காட்ட? அதனால “வெளியூர்த் தலைக்கட்டு”ன்னு எழுதி, பக்கத்துல அவர் கையெழுத்தையும் வாங்கிக்கிடுதான். ஒன் டபிள்யூ-8 பென் அந்தக் கையெழுத்துதான். அதுக்கு மேல அதுல ஒரு சூட்சுமமும் கெடையாது.

நோட்டு வச்சிருக்கிறவன் யாரு? ஒனக்கு டாலர் அனுப்புற டெக்சாஸ் கம்பெனிக்காரன். அவன் ஊர் வரித் துறைக்கு ஐ.ஆர்.எஸ்.னு பேரு. அது அவன் கழுத்தைத்தான் புடிச்சிருக்கு, ஒன் கழுத்தை இல்ல. வெளிநாட்டு ஆளுக்கு அமெரிக்காவுல விளைஞ்ச வருமானத்தைக் குடுத்தா 30 சதவீதம் புடிச்சுக்கிட்டுத்தான் குடுக்கணும். புடிக்கலேன்னா, ஏன் புடிக்கலேன்னு காட்டக் காயிதம் வேணும். காயிதம் இல்லேன்னா அவன் கைக்காசு போகும். பயந்து கெடக்கிறது அவன். நீ என்னமோ அமெரிக்க ஜனாதிபதி ஒன்னைத் தேடுதாருன்னு தூக்கம் கெட்டுப் போயிக் கெடக்கே.

இன்னொண்ணு. அந்த ஃபாரத்தை அமெரிக்க சர்க்காருக்கு அனுப்பாண்டாம். கேட்ட கம்பெனிகிட்ட குடு, அவன் ஃபைல்ல வச்சுக்கிடுவான். அதனால ஐ.ஆர்.எஸ். பேரைச் சொல்லி எவனாவது மெயில்ல ஒரு டபிள்யூ-8 பென்னை அனுப்பி, பேங்க் நம்பர், பின் நம்பர், தாயார் கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பேருன்னெல்லாம் கேட்டான்னு வையி, அவன் திருட்டுப்பய. அசல் ஃபாரத்துல அந்தக் கேள்வியே கெடையாது. ஒங்கம்மை கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பேரா இருந்தா அமெரிக்காக்காரனுக்கு என்னத்துக்கு?

போன வாட்டி இன்னொரு கம்பெனிக்காரன் அவசரத்துல டபிள்யூ-9னு ஒரு ஃபாரத்தை அனுப்பினான்லா. நீயும் நிரப்பித் தாரேன்னு பேனாவைத் தூக்கினே. நல்லவேளை, மை காஞ்சு கெடந்துது. டபிள்யூ-9ங்கிறது அமெரிக்கக் குடிமக்கள், அங்க நெரந்தரமாக் குடியிருக்கிறவங்க குடுக்கிறது. அதுல கையெழுத்துப் போட்டா நான் உங்க ஊர்த் தலைக்கட்டுதான்னு நீயே எழுதிக் குடுத்ததா ஆயிரும். பொறவு வருஷக் கடைசியில 1099னு ஒரு சீட்டு ஒன் பேர்ல போகும், இந்த ஆளு எங்க, கணக்கு எங்கன்னு அங்க தேடுவான். தப்பான ஃபாரம் வந்தா, “நான் அமெரிக்கன் இல்ல, எனக்கு டபிள்யூ-8 பென்தான்”னு மரியாதையா ஒரு வரி எழுதி அனுப்பு. அந்தக் கணக்குப்பிள்ளைக்கும் இந்தியா எந்தத் திசைன்னு தெரியாது, கோவிச்சுக்கிடாதே.

இப்போ கட்டத்துக்கு வா. மொதல் கட்டம் பேரு. இங்கதான் நம்ம சாதிசனத்துக்கே சனி. நமக்கு இருக்கிறது ஒரு பேரும் ஒரு இனிஷியலும். பான் கார்டுக்காரன் இனிஷியலை விரிச்சு ஒங்கப்பன் பேரை முழுசாப் போட்டான். பாஸ்போர்ட்டுல அதைக் குடும்பப் பேராக்கினான். பேங்குல மறுபடியும் இனிஷியலாக் குறுகிட்டு. அதனால டெக்சாஸ்காரன் எழுதுற ஒவ்வொரு கடுதாசியும் ஒங்கப்பன் பேரை விளிச்சுத்தான் வருது. டிராக்டர் ஓட்டிக்கிட்டுத் திரியிற மனுசனுக்கு, “உங்கள் மொபைல் ஆப் மிக அருமை”ன்னு பாராட்டு! அவனும் ஊரெல்லாம் காட்டிட்டுத் திரியுதான். அதைவிடு. பான் கார்டுல எப்படி இருக்கோ அதே எழுத்து, அதே வரிசையில ஃபாரத்துலயும் போடு. பேங்குப் பேர் வேறயா இருந்தா அதை மொதல்ல சரிபண்ணு. ஒரு எழுத்து மாறினதுக்காக வில்லங்கத்துல மாட்டி வருஷக்கணக்கா அலைஞ்சவங்களை எனக்குத் தெரியும்.

மூணாம் கட்டம் நெரந்தர விலாசம். அதுல தபால் பெட்டி நம்பரோ, இன்னார் மேல்பார்வைன்னோ எழுதக் கூடாதுன்னு ஃபாரத்துலயே அச்சடிச்சிருக்கான். நம்ம ஊர்ல விலாசம்னாலே மளிகைக்கடை மேல்பார்வைதானே! தபால்காரன் வீட்டுக்கு வரமாட்டான், கடையில வீசிட்டுப் போயிருவான். இருந்தாலும் கதவு நம்பர், தெரு, ஊரு, பின்கோடுன்னு வீட்டு விலாசத்தை எழுது. அஞ்சாம் கட்டம் அமெரிக்க வரி நம்பர். ஒன்கிட்ட கெடையாது, வெறுமையா விடு. ஐ.டி.ஐ.என். நம்பர் வாங்கித் தாரேன்னு ஒருத்தன் டாலர்ல கூலி கேட்டான்னியே, அவனைப் போகச் சொல்லு. இங்க உக்காந்து வேலை செய்யிற ஒனக்கு ஆறாம் கட்டத்துல பான் நம்பர் எழுதினாப் போதும்.

பொறவு தேதி. மாசம் மொதல்ல, நாள் பொறவு, அது அவன் வழக்கம். ஆகஸ்ட் 5ன்னா 08-05. நீ 05-08ன்னு போட்டா மே மாசமே கையெழுத்துப் போட்டதா ஆயிரும். கையெழுத்துக்கு மேல பொடி எழுத்துல இருக்கிறதையும் படி. பொய்யாச் சொன்னாத் தண்டனைக்கு உட்படுதேன்னு நீ எழுதிக் குடுக்கே. தாய்மாமன் நியூஜெர்சியில இருக்கான்னு அவன் விலாசத்தைப் போட்டா மதிப்பா இருக்கும்லான்னு கேட்டியே, அந்த மதிப்புக்குப் பேரு கள்ளச் சத்தியம்.

போட்ட கையெழுத்து எம்புட்டு நாளைக்கு? போட்ட வருஷம் போக, அடுத்து வர்ற மூணாவது வருஷம் டிசம்பர் 31 வரைக்கும். 2026ல எப்போ போட்டாலும் 2029 கடைசி வரை செல்லும். நடுவுல நீ குடிபெயர்ந்து அங்க போயிட்டா 30 நாளுக்குள்ள சொல்லிரணும்.

இப்போ ஒன் நெசமான கேள்விக்கு வாரேன். டாலர் அங்க இருந்துதானே வருது, அப்போ வருமானமும் அங்க விளைஞ்சதுதானே, 30 சதவீதம் போயிருமேன்னு பயப்படுதே. அங்கதான் நீ வழுக்குதே. கூலிக்கு அவன் சட்டம் பாக்கிறது பணம் எங்க இருந்து கெளம்புதுன்னு இல்ல, வேலை செஞ்சவன் எங்க உக்காந்திருந்தான்னுதான். நீ எங்க உக்காந்திருந்தே? இந்தத் திண்ணையில. மின்சாரம் போனா வேப்பமரத்தடியில. அப்போ அது அமெரிக்க வருமானமே இல்ல, புடிக்க ஒண்ணும் இல்ல. எப்பவாவது அந்தக் கம்பெனிக்காரன், வா, ரெண்டு மாசம் இங்க வந்து ஒக்காந்து செய்யின்னு கூப்பிட்டாத்தான் கதை மாறும். அந்த வேலை அங்க விளைஞ்சது. அதுக்கு விசாவும் வேற, ஃபாரமும் வேற, 8233ன்னு ஒரு நம்பர். இந்தியாவும் அமெரிக்காவும் 1989 செப்டம்பர்ல டெல்லியில ஒரு வரி ஒப்பந்தம் எழுதி, 1990 டிசம்பர்ல அது நடப்புக்கு வந்துது. அதுல, தனியாத் தொழில் செய்யிறவன் வரி வருஷத்துக்கு 90 நாளைக்குள்ள தங்கி, அங்க நெலையா ஒரு எடம் போடாம இருந்தா, அவனுக்கு வரி போடாண்டாம்னு இருக்கு. விசா குடுக்கட்டும், பொறவு பேசுவோம். நீ மொதல்ல திருநெல்வேலிக்குப் பஸ் மாறிப் போகப் படி.

ஒன் சித்தப்பன் மவன் கதை வேற. அவன் யூடியூபுல அருவியைக் காட்டிச் சம்பாதிக்கான். அது கூலி இல்ல, உரிமைத்தொகைக் கணக்கு. கூலிக்குத் திண்ணையைப் பாப்பான், உரிமைத்தொகைக்குப் பாத்தவன் எந்த ஊர்ங்கிறதைப் பாப்பான். அமெரிக்காவுல இருந்து அருவியைப் பாத்தவங்களால வந்த காசுக்கு மட்டும் அங்க வரி. 2021ல கூகுள்காரன் எல்லாரையும், மே 31க்குள்ள வரி விவரம் குடு, இல்லேன்னா உலகம் பூரா வந்த மொத்த வரவுலயும் 24 சதவீதம் வரை புடிச்சிருவேன்னான். நம்மாளு அப்போ குத்தாலத்துல குளிச்சுக்கிட்டு இருந்தான். ஃபாரத்தைக் குடுத்து ஒப்பந்தச் சலுகையும் கேட்டிருந்தா அமெரிக்கப் பார்வைக்கு 15 சதவீதம், சலுகை கேக்கலேன்னா 30. பத்தாம் கட்டம் இந்த மாதிரி வரவுக்குத்தான். புத்தகம் எழுதி அமேசான்ல போடுறவனுக்கும் இதே கணக்கு. ஒன் கூலிக்கு அந்தக் கட்டத்துல எழுத ஒண்ணும் இல்ல. வெறுங்கட்டத்தைப் பாத்தா எதையாவது எழுதணும்னு கை அரிக்கும், அடக்கிக்கோ.

அப்படிப் புடிச்ச காசு போயிட்டுன்னு அவன் அழ வேண்டியதும் இல்ல. புடிச்சதுக்கு 1042-எஸ்னு ஒரு சீட்டு வரும். அதைக் காட்டி, 67ம் நம்பர் படிவத்தை நம்ம வருமான வரித் துறையில ஏத்திவிட்டா, இங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கிடலாம். ஆனா இங்க அந்த வரவுக்கு எம்புட்டு வரி வருதோ அதுக்கு மேல கழிக்கமாட்டான். அங்க அதிகமாப் போனதைத் திருப்பிக் குடுக்க டெல்லிக்காரன் என்ன ஒன் மாமனாரா?

ஆக, அங்க முடிஞ்சுது. பெருமூச்சு விடாதே, இனிமேதான் இருக்கு. ஒன் தலைக்கட்டு எந்த ஊர்? இந்த ஊர். அப்போ இங்க நோட்டைத் தூக்கிட்டு வருவான்லா! இங்க குடியிருக்கிறவனுக்கு உலகத்துல எந்த மூலையில இருந்து காசு வந்தாலும் இங்க கணக்குல வரணும். “டாலர்ல வந்தா வரி கெடையாதாம்”னு ஒன் கூட்டாளி ஒருத்தன் டீக்கடையில சொல்லிட்டு இருக்கான். அவன் வீட்டுக்கு நோட்டீஸ் வர்றப்போ அந்த டீக்கடை பெஞ்சு சாட்சி சொல்ல வராது.

சர்க்கார் ஒங்களுக்கு ஒரு நல்ல வழியும் வச்சிருக்கு. கம்ப்யூட்டர் தொழில், இன்ஜினியர், வக்கீல், டாக்டர், இப்படிப் பட்டியல்ல உள்ளவங்க வரவுல பாதியை லாபம்னு காட்டிட்டாப் போதும், செலவுக் கணக்கு நோட்டைக் கேக்கமாட்டான். 44ஏடிஏன்னு பேரு. வருஷ வரவு 50 லட்சம் வரைக்கும், ரொக்கமா வாங்கினது அஞ்சு சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும். ஒனக்கு 24 லட்சம் வந்தா 12 லட்சம் லாபம். 2025-26 கணக்குல இருந்து புது முறையில 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடியே கெடைக்குது. வரியே வராது. அதுக்காகக் கணக்கைத் தாக்கல் பண்ணாம இருந்திராதே. பொண்ணு வீட்டுக்காரன் இப்பல்லாம் சாதகத்தோட மூணு வருஷ ரிட்டர்னும் கேக்கான்.

ஒரு எச்சரிக்கை. 1961 சட்டத்தை மூட்டை கட்டிட்டு, 2025ல ஒரு புதுச் சட்டம் போட்டு, 2026 ஏப்ரல் 1ல இருந்து நடத்துதான். அதனால நான் சொல்லுற பிரிவு நம்பர், படிவ நம்பர் எல்லாம் பழைய நம்பர். ஆடிட்டர் வேற நம்பர் சொன்னா, எங்க தாத்தா இப்படிச் சொல்லலையேன்னு சண்டைக்கு நிக்காதே. புதுச் சட்டத்துல எனக்குப் புடிச்சது ஒண்ணு உண்டு. சம்பாதிச்சது ஒரு வருஷம், மதிப்பீடு இன்னொரு வருஷம்னு ரெண்டு வருஷப் பேர் சொல்லி ஆளைக் கெறங்கடிச்சான்லா, அதை எடுத்துட்டு ஒரே வரி ஆண்டுன்னு ஆக்கிட்டான். தள்ளுபடிக்கு மேல போயி, வருஷத்துக்கு 10,000 ரூவாய்க்கு மேல வரி வரும்போல இருந்தா, பாதிக்கணக்குக்காரன் மார்ச் 15க்குள்ள முன்கூட்டியே மொத்தமாக் கட்டணும். இல்லேன்னா வட்டி. கந்து வட்டி அளவு இல்ல, ஆனா வட்டி வட்டிதான்.

ஜிஎஸ்டி தனிப் பூதம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினாப் பதிவு பண்ணணும். இப்போ பாரு வேடிக்கையை: 24 லட்சத்துக்கு வருமான வரி பூச்சியம், ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ரெண்டும் ரெண்டு ஆபீசு, ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை கெடையாது. வெளிநாட்டுக்காரனுக்குச் செய்யிற வேலை ஏற்றுமதி, வரி பூச்சியம்தான். அந்தப் பூச்சியத்தை வாங்கவும் எழுதிக் குடுக்கணும், எல்.யூ.டி.ன்னு ஒரு உறுதிமொழி, வருஷா வருஷம். எழுதலேன்னா 18 சதவீதத்தைக் கையில இருந்து கட்டிட்டுத் திரும்பக் கேட்டு நடக்கணும். ஒண்ணுமில்லாததுக்கும் மனு எழுதவைக்கிற சர்க்கார் இருக்கிற வரைக்கும் எங்க சாதித் தொழில் சாகாது.

ஏற்றுமதின்னு காட்ட என்ன ஆதாரம்? அன்னிய நாட்டுப் பணம் வந்துதுங்கிற பேங்குச் சீட்டு. இங்க ஒரு கூத்து நடந்துதுலா. பேங்க் பேரைச் சொல்லமாட்டேன், நல்ல மனுசங்க. டெக்சாஸ்காரன் அனுப்பின கூலியை பேங்குல இருந்த ஆபீசர் பி1301னு குத்திவிட்டுட்டாரு. அந்தக் கோடுக்கு அர்த்தம், வெளிநாட்டுல இருக்கிற நம்மாளு குடும்பப் பராமரிப்புக்கு அனுப்பின பணம். ஒரே குத்துல டெக்சாஸ்காரன் நமக்குச் சொந்தக்காரனாயிட்டான். ஒன் அக்கா கல்யாணத்துக்கு அவருக்கும் பத்திரிக்கை வைக்கணுமான்னு ஒங்க ஆச்சி கேட்டா. நீ சிரிச்சே, ஆனா ஜிஎஸ்டிக்காரன் சிரிக்கமாட்டான். மென்பொருள் ஆலோசனைன்னா பி0802. ஒவ்வொரு பணத்துக்கும் பில்லு, அந்தச் சீட்டு, சரியான கோடு, மூணையும் ஒரே ஃபைல்ல போட்டு வையி.

கடைசியா அந்த வீடியோக்காரன் விசயம். “அமெரிக்காவுலயே கம்பெனி தொடங்கு, எல்.எல்.சி., வயோமிங்ல ஒரு நாள்ல வேலை முடியும், வரியே கெடையாது”ன்னு கோட்டு போட்டவன் பேசினான், நீ வாயைப் பொளந்து பாத்தே. கோட்டு வாடகையா இருக்கும். வெளிநாட்டு ஆள் ஒருத்தனே மொதலாளியா இருக்கிற எல்.எல்.சி., தனக்கும் மொதலாளிக்கும் நடந்த கொடுக்கல் வாங்கலை வருஷா வருஷம் 5472ன்னு ஒரு படிவத்துல ஐ.ஆர்.எஸ்.க்குச் சொல்லணும். தொடங்கப் போட்ட காசும் அதுல சேத்தி. வரி ஒரு காசு வராட்டியும் சொல்லணும். சொல்லாட்டி அபராதம் 25,000 டாலர். அதை நீ ரூவாயில பெருக்காதே, சாப்பாட்டு நேரம். இங்கயும் அந்தக் கம்பெனியை, அங்க தொறந்த பேங்கு கணக்கை எல்லாம் ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துன்னு காட்டணும். லேசான ஐ.டி.ஆர்.-4 ஒனக்கு ஆகாது, பெரிய படிவத்துக்குப் போகணும். மறைச்சா, 2015 கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம் போட வழி இருக்கு. நெலம், வீடு தவிர மத்தது எல்லாம் சேர்ந்து 20 லட்சத்துக்குள்ள இருக்கிறவனுக்கு 2024 அக்டோபர்ல இருந்து அந்த அபராதத்துல விலக்கு குடுத்திருக்கான். ஒத்தத்தாள் ஃபாரத்துக்கே சோறு எறங்காதவன் நீ. ஒனக்கு எதுக்குலே வயோமிங்?

மத்த நாட்டுக்காரன் ஃபாரம் கேட்டா? அதிகமாக் கேக்கிறது, நீ இந்தியாவுல வரி கட்டுற ஆளுன்னு ஒரு சான்று. வருமான வரி ஆபீசர்கிட்ட 10எஃப்.ஏ. எழுதிக் குடுத்தா 10எஃப்.பி.ன்னு தருவான், பழைய நம்பர்தான் சொல்லுதேன். 10எஃப்.னு இன்னொண்ணு இருக்கு, அது வெளிநாட்டுக்காரன் இங்க குடுக்கிறது. பேர் ஒத்திருக்கேன்னு அதை நிரப்பி அனுப்பிராதே.

இப்போ எழுத்துக்கூலி. மொகத்தைச் சுளிக்காதே, கிரயம் எழுதினாக் கூலி உண்டும்லா. டாலர் வேண்டாம், நான் ஏற்றுமதிக்காரன் இல்ல. ரொக்கமாவே குடு. அஞ்சு சதவீதத்துக்கு மேல ரொக்கம் வாங்கினா எனக்கு 75 லட்சம் 50 லட்சமாக் குறையுமேன்னு நீ கவலைப்படாண்டாம், என் வரவு அந்த மட்டத்துக்கு இன்னும் ஏறல. கணக்குல எழுதுறப்போ மட்டும் குடும்பப் பராமரிப்புன்னு எழுதிராதே. அந்தத் தலைப்புல வந்தா ஒங்க ஆச்சி வாங்கி முந்தியில முடிஞ்சிருவா.